பொம்பளப் பெட்டி

பிரெசில்லா அந்த ரயில் பெட்டியைக் கண்டுபிடித்தாள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னத்தைக் கண்டுபிடித்தாள்? அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பில், அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அது கிடக்கிறது. சின்னப் பிள்ளையில் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறாள். வளர்ந்த பிறகு அதன் கதவில் பாவாடை காயப்போட்டிருக்கிறாள். இதற்குப் பெயர் கண்டுபிடிப்பாம்!

நான் கோகிலா. ராமநாதபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். நெல்லும் மிளகாயும் போட்டுப் பிழைக்கிற குடும்பம், ரயிலுக்கும் எங்களுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. எனக்கு மட்டும் எங்கிருந்தோ இந்தக் கிறுக்குப் பிடித்தது. மீட்டர்கேஜ் காலத்தில் பாம்பன் பாதையில் ஓடிய மரப் பெட்டிகள்தான் என் பகுதிநேர ஆராய்ச்சி. மூன்றாம் வகுப்பில் பலகை இருக்கையை எப்படிப் போட்டார்கள், கூரையில் கித்தான் ஒட்டி எதைப் பூசினார்கள், ஓடி முடித்த பெட்டிகளை யாருக்கு ஏலம் விட்டார்கள் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். மற்றவர்கள் கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போவார்கள். நான் சென்னையில் ஆவணக் காப்பகத்துத் தூசியில் தும்மிக்கொண்டிருப்பேன்.

"நீ கட்டிக்கிட்டது என்னையா, ரயில்வேயையா?" என்பார் என் வீட்டுக்காரர் யோகேஸ்வரன். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். பெட்டி என்றால் அவருக்கு ஃபியூஸ் பெட்டிதான்.

இத்தனை வருட ஆராய்ச்சியில் ஒரு மரப் பெட்டியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் கொடுமை. எல்லாம் படமும் காகிதமும்தான். ஏலத்தில் போன பெட்டிகளை வாங்கியவர்கள் உடைத்துக் கதவாகவும் கட்டிலாகவும் ஆக்கிவிட்டார்கள். எங்காவது ஒன்று மிச்சம் இருக்காதா என்று கடற்கரை ஊர்களில் விசாரிக்கக் கிளம்பினேன். அங்கே எனக்கு ஆளைத் தெரியாது. யாரோ சொல்லித்தான் பிரெசில்லாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். தங்கச்சிமடத்துப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். ராமேஸ்வரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. வாய் இருக்கிறதே, வாய், அதை வைத்துக் கடலையே விற்றுவிடுவாள்.

ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து, நான் தேடுகிற பெட்டியின் வரைபடத்தை அவளுக்கு விரித்துக் காட்டினேன். அந்தக் காலத்துப் பெட்டியில் அறைக்கு ஒரு கதவு நேராக வெளியே திறக்கும், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக உள்ளே வழி இருக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வடையைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அட, இது எங்க தோப்புல கெடக்குற பொம்பளப் பெட்டியில்லக்கா!"

என் கையிலிருந்த டீ சேலையில் கொட்டியது.

போய்ப் பார்த்தேன். மேல் பாதி மட்டும்தான். சக்கரமும் சட்டமும் இல்லை, மண்ணில் பனங்கட்டை போட்டு அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் மூன்று அறைகள், மூன்று கதவுகள், சாய்வான மரத் தட்டிகள் போட்ட ஜன்னல்கள், எல்லாம் நான் காகிதத்தில் தடவித் தடவிப் பார்த்தவை. மேலே பச்சைப் பெயிண்ட் பொரிந்து கிடந்தது. உள்ளே கடல்பாசி மூட்டைகள். ஊர்ப் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி பறித்து வந்து, காயவைத்து, இதற்குள் சேர்த்து வைப்பார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சந்தோஷத்தில்தான் வந்தது. பாதியில் எங்கோ அது மாறிவிட்டது. இவ்வளவு படித்த எனக்குக் கிடைக்காதது, ஒன்றும் தெரியாத இவளுக்குக் கொல்லையிலேயே கிடந்திருக்கிறது பார் என்று நினைத்ததும் வயிறு எரிய ஆரம்பித்தது. அந்த எரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

அவள் சும்மா இருந்தாளா? பெட்டிமுன் நின்று பேசி ஒரு வீடியோ போட்டாள். "எங்க ஊரு பொம்பளைங்க அந்தக் காலத்துல தங்களுக்குன்னே விட்ட தனிப் பெட்டியில போனாங்க. அந்தப் பெட்டிதான் இது" என்றாள். மாவட்டமே பார்த்தது. பத்திரிகையில் அவள் படம் வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை எனக்கே அனுப்பி, "மேடம், இந்தப் பொண்ணு உங்க சப்ஜெக்ட்ல பின்னுது" என்றார்கள். பின்னுதாம்!

"அந்த 'பொம்பளப் பெட்டி'ங்கிற பேரு நீங்க பாசி வைக்கிறதால வந்தது, பிரெசில்லா" என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். "வண்டியில பொம்பளைங்களுக்கு ஒரு ரூமு ஒதுக்குவாங்க. முழுப் பெட்டியும் அவங்களுக்குன்னு இந்த லைன்ல ஓடுனதா ஒரு காயிதத்துலயும் இல்ல."

"காயிதத்துல இல்லாட்டி என்னக்கா? ஊர்ல சொல்றாகல்ல" என்று சிரித்தாள்.

நான் ஒரு வரி எழுதினால் என் கைடு மூன்று ஆதாரம் கேட்பார். இவளுக்கு ஊர் சொன்னால் போதும். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்புறம்தான் ரயில்வேயிலிருந்து பேச்சு வந்தது. பழைய வண்டிகளைப் பாதுகாக்கிற பிரிவில் ஓர் அதிகாரி வீடியோவைப் பார்த்திருக்கிறார். பெட்டியைத் தோப்பிலேயே வைத்துக் கூரை போட்டுப் பாதுகாப்பார்களாம். முன்னால் ஒரு பலகை வைப்பார்களாம். பெட்டியின் வரலாறும் அதை வெளிக்கொண்டு வந்தவர் பெயரும் அதில் இருக்குமாம். ஒளிப்பானேன், அந்தப் பலகையில் என் பெயர் வேண்டும் என்று நான் வெறியாக ஆசைப்பட்டேன். பிரெசில்லா சொல்வது கட்டுக்கதை என்று ஆகிவிட்டால், வரலாறு எழுத என்னைத் தவிர வேறு நாதியில்லை. அவள் சொல்வது உண்மையென்று ஆகிவிட்டால், இப்படியொரு பெட்டியை உலகத்துக்குச் சொன்னவள் அவள்தான். நான் அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்தவள்.

அவள் சொல்வது பொய் என்று நிரூபிக்க, பள்ளி விடுமுறை நாளொன்றில் அவளிடம் சொல்லாமல் நான் மட்டும் தோப்புக்குப் போனேன். பெண்கள் பாசிக்குப் போயிருந்தார்கள். ஆண்கள் யாரும் இல்லை. நடுக் கதவில் பெயிண்ட் உப்புக் காற்றில் பொரிந்து அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுச் சாவியால் மெல்ல நெம்பினேன். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே ரயில்வேயின் பழைய காவி நிறம். காவியின்மேல் வெள்ளையில் தமிழ் எழுத்து. 'ஸ்திரீகள்.'

சரி, ஓர் அறை பெண்களுக்கு. நான் சொன்னதுதானே? பக்கத்துக் கதவுக்குப் போனேன். அங்கேயும் 'ஸ்திரீகள்.' மூன்றாவது கதவிலும் நெம்பினேன். பாதி வார்த்தை வெளியே வந்ததுமே ஒரு பாசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது உண்மை. ஊர் சொன்னது உண்மை. என் காகிதமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு விஷயம், அவளுக்கு விளையாட்டுப்போலத் தெரிந்திருக்கிறது!

மூன்று கதவுகளையும் செல்போனில் படமெடுத்தேன். பிறகு எழுத்தின்மேல் ஈர மண்ணை அப்பி, மூட்டைகளை வெளியே இழுத்துக் கதவுகளில் சாய்த்து, உரிந்த இடத்தை மறைத்தேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் ஆய்வேட்டில் என் கண்டுபிடிப்பாகப் போட்டுக்கொள்வேன், அதுவரை அவள் ஆதாரமில்லாமல் பேசிக்கொண்டு அலையட்டும் என்று இருந்தேன்.

அதிகாரி வருகிற வாரம் பிரெசில்லாவின் அப்பா சவேரியார் போன் செய்தார். வள்ளத்தில் போய்வந்து காய்ந்துபோன குரல்.

"டீச்சர், பெரிய ஆபீசரு வாராரு. பெட்டி சொறி புடிச்சாப்புல கெடக்கு, ஊருக்கு அசிங்கமில்லையா? எப்பப் பூசுனாலும் மேலாப்புலதான் பூசுவோம். இந்தத் தடவ வள்ளத்துக்குச் செய்யுறாப்புல மெஷினு போட்டு அடிமரம் தெரியச் சொரண்டி, புதுசா அடிச்சிருவமானு ஊர்ல கேக்குறாக. பாப்பாகிட்டக் கேட்டேன். அது, 'எனக்கென்ன தெரியும், பெட்டி வெவரமெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும், அவுகளக் கேட்டுக்கங்க'னுருச்சு."

அந்த ஊரில் மரியாதை என்றால் அதுதான். அந்தோணியார் திருவிழாவுக்கு முன்னால் வள்ளங்களை மரம் வெளுக்கும்வரை சுரண்டி, புதுப் பெண்ணாக்கி வரிசையாக நிறுத்துவார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் பெட்டிக்கும் அந்த மரியாதையைச் செய்யாமல் இருக்க அவர்களால் முடியாது. பழைய சாமானில் கை வைக்கக் கூடாது என்பது என்னைப்போலக் காகிதத்தில் கிடப்பவளுக்குத்தான் தெரியும். தெரிந்தவள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள்.

'தொடாதீங்கண்ணே' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரம், அதிகாரியிடம் பேசப் பிரெசில்லா பட்டுச்சேலை எடுத்திருக்கிறாள் என்று காலையில் அவள் அனுப்பிய படம் கண்முன் வந்து நின்றது.

"ஒங்க வழக்கம் எப்பிடியோ அப்பிடிச் செய்ங்கண்ணே" என்றேன்.

"அப்பச் சரிங்க டீச்சர். நல்ல வார்த்த சொன்னீக" என்று வைத்துவிட்டார்.

யோகேஸ்வரன் என் முகத்தைப் பார்த்தார். "யாரு? அந்த பிரெசில்லா பிள்ளையா? ஒன் வயித்தெரிச்சலுக்கு ஒரு ரயிலே ஓட்டலாம்டி, கரியே வேணாம்."

"ஒங்க சோலியப் பாருங்க" என்றேன்.

அதிகாரி வந்த அன்று நானும் அழைப்பின்பேரில் போயிருந்தேன். தோப்புக்குள் நுழைந்ததும் பகீரென்றது. பெட்டி வான நீலத்தில் பளபளவென்று நின்றது. ஓரமெல்லாம் சிவப்புக் கரை. நெற்றியில் வள்ளத்தில் எழுதுவதுபோல வளைத்து, 'புனித அந்தோணியார் துணை.' இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே மாலை. கதவு மூன்றும் மொழுமொழுவென்று இருந்தன. என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்! எத்தனையோ மழையையும் உப்பையும் தாங்கி நின்ற எழுத்து! ஆனால் அந்த நேரம் பார்த்துப் பிரெசில்லா பட்டுச்சேலையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொறாமை மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

"எப்பிடியிருக்குக்கா? நீங்க சரின்னு சொன்னீங்கனு அப்பா சொன்னாக. ஊரே ராப்பகலா வேல செஞ்சாக" என்றாள்.

அதிகாரி நல்ல மனிதர். நீலத்தைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாரே தவிர யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பிரெசில்லா கதையைச் சொன்னாள். கூலி வேலைக்கும் சந்தைக்கும் போன பெண்கள், கூடையும் கைப்பிள்ளையுமாக இந்தப் பெட்டியில் ஏறியது, பாலத்தைக் கடக்கும்போது மாதாவைக் கும்பிட்டது, எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள் மாதிரி சொன்னாள். நான் குறிப்பும் வரைபடமுமாக ஒரு கோப்பையே கொண்டுபோயிருந்தேன். யாரும் அதைப் பிரிக்கச் சொல்லவில்லை.

"சுரண்டும்போது எழுத்து ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார் அதிகாரி.

"என்னமோ வெள்ளையா கோடு கோடா வந்துச்சு சார்" என்றார் சவேரியார். "என்னனு பாக்குறதுக்குள்ள மெஷினு ஒரே இழுப்புல இழுத்துருச்சு."

நான் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "பரவாயில்லை. ஊரே ஒரே மாதிரி சொல்றீங்க, அது போதும். 'முழுவதும் மகளிர்க்கான பெட்டி, வெளிக்கொண்டு வந்தவர் பிரெசில்லா'ன்னு பலகையில் எழுதிடலாம்."

ஊர் கைதட்டியது. பிரெசில்லா வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"அது போதுமா சார்?" என்றேன். குரல் எனக்கே கூச்சலாகக் கேட்டது. "ஊர் சொன்னாப் போதுமா? நாங்கள்லாம் அப்ப எதுக்கு வருசக்கணக்கா ஆதாரம் ஆதாரம்னு நாயா அலையிறோம்? ஆதாரமே இல்லாம யாரு என்ன சொன்னாலும் பலகையில எழுதிருவீங்களா?"

அதிகாரி திகைத்துப்போனார். "ஆதாரம் இருந்தா நல்லதுதான் மேடம். உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு!" என்றேன். "எங்கிட்ட மட்டும்தான் இருக்கு!"

செல்போனைத் திறந்து படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்து முடித்த பிறகுதான் என்ன கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தது. பிடுங்கிவிடலாமா என்று கைகூட நீண்டது.

அவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஸ்திரீகள்..." என்று வாசித்தார். தள்ளினார். "இதிலேயும்... மூணு கதவிலேயும்! மேடம், இது பெரிய விஷயம். இது இருந்தா யாரும் வாயைத் திறக்க முடியாது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வருடக்கணக்காக நான் ஏங்கிய கைகுலுக்கல் அது. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. சவேரியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செல்போனை எட்டிப் பார்த்தார்.

"கதவுல பழைய பச்சையில்ல இருக்கு. டீச்சர், இது நாங்க சொரண்டுறதுக்கு முன்னால எடுத்ததா?"

நான் செல்போனை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

"அப்ப நான் போனுல கேக்கயிலயே இது ஒங்ககிட்ட இருந்துச்சா?"

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். புரிந்தது பிரெசில்லாவுக்குத்தான். எப்போதும் சிரிக்கிற அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "அக்காகிட்டக் கேளுங்கனு நாந்தானப்பா சொன்னேன்" என்றாள். தப்பு அவளுடையது என்பதுபோல இருந்தது.

பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். "சார், ஆதாரம் அவுகதான் வச்சிருக்காக. பலகையில அவுக பேரப் போடுங்க. எம் பேரு வேணாம்."

"ரெண்டு பேரையும் போடலாமேம்மா."

"வேணாம் சார். அவுக பேருகூட எம் பேரப் போடாதீங்க."

அவளுடைய அம்மா அருள்மேரி தட்டில் டீயோடு பக்கத்தில் நின்றிருந்தாள். "ஒங்க டீ ஆறிப்போச்சே டீச்சர், வேற போட்டுத் தரவா?" என்றாள். குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

பலகை வைத்தார்கள். கருங்கல்லில் தங்க எழுத்து. 'ஆய்ந்து வெளிப்படுத்தியவர்: கோகிலா, வரலாற்று ஆசிரியை.' அதிகாரி படம் அனுப்பினார். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், எல்லாரும் பூங்கொத்து அனுப்பினார்கள்.

"அப்பறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் யோகேஸ்வரன். "நெனச்சது கெடச்சிருச்சுல்ல?"

கிடைத்துவிட்டது, போய் நேரில் பார்த்துவிடுவோம், பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்வோம் என்று ஒரு சனிக்கிழமை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தங்கச்சிமடத்தில் இறங்கி, நின்றிருந்த ஆட்டோவிடம் போனேன். கண்ணாடியில் காஜா நவாஸ் என்று பெயர் எழுதியிருந்தது. புது ஆள்.

"தோப்புல ரயில் பெட்டி இருக்குல்ல, அங்க போகணும்."

"எதுக்கா, பிரெசில்லா பெட்டிக்கா? ஏறுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அப்பிடியா பேரு? கோகிலா டீச்சர் கண்டுபிடிச்ச பெட்டினு சொல்லுங்க. போர்டுலயே போட்டிருக்கே, படிக்கலையா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். கன்னத்தைச் சொறிந்தார்.

"அப்பிடி ஒரு பெட்டி இங்கன இல்லையேக்கா. பாம்பன்ல எதும் இருக்கா என்னானு தெரியல. இங்கன இருக்கிறது பிரெசில்லா பெட்டிதான். அந்தப் புள்ளதான் வாரவகளையெல்லாம் கூட்டிட்டுப் போயிக் கதை சொல்லும். வெளிநாட்டுக்காரவகளே வாராக."

"போர்டுல இருக்கிற டீச்சர் யாருனு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாக. அதுக்கும் அந்தப் புள்ள, 'பெட்டியப் பத்திப் படிச்சவுக, வெவரமானவுக'னு நல்லபடியாத்தான் சொல்லும். வேற ஒண்ணும் சொல்லாது." வண்டியைக் கிளப்பினார். "எந்தப் பெட்டிக்குப் போகணும்க்கா? சவாரி நிக்கிது, சட்டுனு சொல்லுங்க."

வெயில் மண்டையைப் பிளந்தது. சேலை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"பிரெசில்லா பெட்டிக்கே விடுங்க" என்றேன்.